வக்கீல் கையில் இருக்கும் பணம் யாருடையது?

முதலில் ஒரு ஐயாயிரம் ரூபாய்க் கதை.

டெல்லியில் ஒருவர் செக் பவுன்ஸ் வழக்குக்காக ஒரு வக்கீலை அமர்த்தினார். எதிர்த்தரப்பு பணம் கொடுக்க முன்வந்தது. 20,000 ரூபாய்க்கு ஒரு டிராஃப்ட், செலவுக்கென்று 5,000 ரூபாய்க்கு ஒரு செக். இரண்டும் வக்கீல் கைக்கு வந்தன. தன் கைக்கு மட்டும் வரவில்லை என்பது கட்சிக்காரரின் புகார். பீஸ் 5,000 ரூபாயை ரொக்கமாக வைத்தால்தான் தருவேன் என்று வக்கீல் சொன்னாராம். அந்த ஐயாயிரத்துக்காக வக்கீலே தன் கட்சிக்காரர் மேல் ஒரு வழக்கும் போட்டார். கட்சிக்காரர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார்.

அங்கிருந்து அது மாநில ஆணையம், தேசிய ஆணையம் என்று ஏறியது. வக்கீல் தருவதும் ஒரு சேவைதான், நுகர்வோர் சட்டம் அவருக்கும் பொருந்தும் என்று 2007-ல் தேசிய ஆணையம் சொன்னது. வக்கீல் சங்கங்கள் சும்மா இருக்குமா? உச்ச நீதிமன்றம் போனார்கள். 2024 மே 14-ல் தீர்ப்பு வந்தது. வக்கீல் தொழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. டி.கே.காந்தி வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இனி பல வருடம் படிப்பார்கள்.

படிப்பவர்கள் எல்லோரும் "வக்கீல் தருவது சேவையா, இல்லையா" என்ற பகுதியைத்தான் படிப்பார்கள். காமர்ஸ் கண்ணாடி போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு. வக்கீல் கைக்கு வந்த 25,000 ரூபாய் யாருடையது, அதில் பீஸ் எவ்வளவு, அதை எப்போது எடுத்துக்கொள்ளலாம்? ஒரு பேரேட்டில் மூன்று வரியில் முடிய வேண்டிய கேள்விகள் இவை.

சரி, நம்ம ஊர் சின்ன வக்கீல் ஆபீசுக்கு வருவோம். ஒரு சீனியர், இரண்டு ஜூனியர், ஒரு குமாஸ்தா. வீட்டு முன்னறையே ஆபீஸ். பீரோ நிறைய கட்டுகள், சுவரில் காலண்டர், மேஜையில் டயரி. வாய்தா தேதிகள் எல்லாம் அந்த டயரியில் இருக்கும், ஒன்று தவறாது. பணக் கணக்கு எங்கே இருக்கும்? சீனியர் மண்டைக்குள். கொஞ்சம் குமாஸ்தாவின் சட்டைப் பையில்.

காலையில் ஒரு கட்சிக்காரர் வருகிறார். 10 லட்ச ரூபாய் வரவேண்டிய பாக்கிக்கு வழக்குப் போட வேண்டும். தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கோர்ட் பீஸ் 3 சதவீதம் (2017 வரை ஏழரை சதவீதமாக இருந்தது, அதாவது இதே வழக்குக்கு 75,000 ரூபாய்!). ஆக 30,000 ரூபாய் கோர்ட் பீஸ். அதோடு வக்கீல் பீஸில் ஒரு பகுதி, டைப்பிங், ஜெராக்ஸ், சம்மனுக்குப் பேட்டா எல்லாம் சேர்த்து 50,000 கொடுத்துவிட்டுப் போகிறார். முன்பெல்லாம் கவரில் வைத்துக் கொடுப்பார்கள். 2016-ல் யுபிஐ வந்த பிறகு பலர் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்துவிட்டுப் போகிறார்கள். அந்த அட்டை போய்ச் சேருவது சீனியரின் சேமிப்புக் கணக்குக்கு. வீட்டுக் கடன் தவணை, பால் கணக்கு, பிள்ளையின் ஸ்கூல் பீஸ் எல்லாம் போவதும் அதே கணக்கிலிருந்துதான்.

வழக்கைத் தாக்கல் செய்ய இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் ஜூனியர்களுக்குப் பணம் தர வேண்டும். (ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் தர வழி செய்ய வேண்டும் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எத்தனை ஜூனியர்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.) பெட்ரோல், கரண்ட் பில் வேறு. பத்தாம் நாள் கணக்கில் 30,000 இல்லை. ஒன்றும் பிரச்சினை இல்லை, நாளைக்கு இன்னொரு கட்சிக்காரர் வருவார். அவர் பணத்தில் இவருடைய கோர்ட் பீஸ் கட்டப்படும். அவருடைய கோர்ட் பீஸ்? அதற்கடுத்து வருகிறவர் பணத்தில்.

பி.காம் ஆடிட்டிங் பாடத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. டீமிங் அண்ட் லேடிங். ஒரு வாடிக்கையாளரிடம் வசூலான பணத்தைக் கேஷியர் எடுத்துக்கொண்டு, அடுத்தவர் பணம் வந்ததும் முன்னவர் கணக்கில் வைப்பது. பாடப் புத்தகத்தில் அது மோசடி என்ற தலைப்பின் கீழ் இருக்கும். வக்கீல் ஆபீசில் அதற்கு "ரொட்டேஷன்" என்று பெயர். இங்கே யாரும் திருடன் இல்லை என்பதுதான் வேடிக்கை. அந்த சீனியர் நல்ல மனிதர், கட்சிக்காரர் வழக்கு ஒருநாளும் கோர்ட் பீஸ் இல்லாமல் நின்றதில்லை. ஆனால் ஒரு மாதம் புது வழக்கு வரவில்லை என்றால்? கோர்ட் விடுமுறை மே மாதம் முழுக்க என்றால்? அவருக்குத் திடீரென்று நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால்? யார் பணம் எவ்வளவு என்று அவர் மனைவிக்குத் தெரியுமா, ஜூனியருக்குத் தெரியுமா?

கணக்குப்பதிவியல் தெரிந்தவர்களுக்கு இது பால பாடம். வரவேண்டிய காலத்துக்கு முன்பே வந்த பணம் வருமானம் அல்ல, அது பொறுப்பு. பிளஸ் டூவில் "முன்கூட்டிப் பெற்ற வருமானம்" என்று சரிக்கட்டுப் பதிவு எழுதியது ஞாபகம் இருக்கும். வக்கீல் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே. அந்த 50,000-ல் பீஸ் முன்பணம் என்ற பகுதி வேலை நடக்க நடக்க வருமானமாக மாறும். கோர்ட் பீஸுக்கு வாங்கிய 30,000 எந்தக் காலத்திலும் வக்கீலின் வருமானம் ஆகாது. அது அரசாங்கத்துக்குப் போக வேண்டிய பணம், வழியில் கொஞ்ச நேரம் வக்கீல் கையில் நிற்கிறது, அவ்வளவுதான். ஒரே க்யூஆர் அட்டையில் வந்து விழுந்த ஒரு தொகைக்குள் இப்படி இரண்டு வேறு ஜாதிப் பணம் இருக்கிறது.

விதி இல்லையா என்றால், இருக்கிறது, அதுவும் நல்ல விதி. இந்திய பார் கவுன்சில் நடத்தை விதிகளில் 25-லிருந்து 32 வரை எல்லாம் பணக் கணக்குதான். கட்சிக்காரர் பணத்துக்கு வக்கீல் கணக்கு வைக்க வேண்டும், தேதியோடு. வந்த பணம் பீஸுக்கா செலவுக்கா என்று குறிக்க வேண்டும். வழக்கு நடக்கும்போது செலவுப் பணத்தைப் பீஸுக்குத் திருப்பக் கூடாது, கட்சிக்காரர் எழுத்தில் சம்மதித்தால் தவிர. கட்சிக்காரருக்காக ஏதாவது பணம் வந்தால் கூடிய சீக்கிரம் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். கையில் உள்ள பணத்தைக் கடனாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு கூடாது. மேலே சொன்ன ரொட்டேஷன் இதில் எத்தனை விதியில் இடிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இத்தனை சொன்ன விதி ஒன்றை மட்டும் சொல்லவில்லை. கட்சிக்காரர் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வை என்று இல்லை. நோட்டில் பிரித்து எழுது, பணம் ஒரே பையில் இருக்கட்டும் என்பது போல. நோட்டு எழுதாதவருக்குப் பையும் ஒன்றாகிவிட்டால் பிறகு பிரிப்பது எப்படி?

இதில் வருமான வரி வேறு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. 2016 பட்ஜெட்டில் வந்த உத்தேச வரித் திட்டத்தில், ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருக்கும் வக்கீல், டாக்டர் போன்றவர்கள் பாதியை லாபம் என்று காட்டிவிட்டால் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டியதில்லை. (ரொக்க வரவு 5 சதவீதத்துக்கு மேல் போகாவிட்டால் 75 லட்சம் வரை என்று பின்னால் உயர்த்தினார்கள்.) சின்ன ஆபீசுக்கு இது பெரிய நிம்மதி, குறை சொல்ல முடியாது. ஆனால் வரித்துறை புத்தகம் வேண்டாம் என்கிறது, பார் கவுன்சில் புத்தகம் வேண்டும் என்கிறது. எதைக் கேட்பார்கள்? எது சுலபமோ அதை.

அதிலும் ஒரு ஆப்பு இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பாதி லாபம் என்பது மொத்த வரவில் பாதி. கோர்ட் பீஸும் பேட்டாவும் தன் பீஸோடு ஒரே சேமிப்புக் கணக்கில் விழுந்தால், எது வரவு, எது மற்றவர் பணம் என்று நாளைக்கு வரித்துறை கேட்கும்போது காட்ட வேண்டியது வக்கீல்தான். காட்டக் கையில் காகிதம் இல்லையென்றால் கட்சிக்காரரின் கோர்ட் பீஸுக்கும் சேர்த்து இவர் வரி கட்ட வேண்டி வரலாம். ஊருக்கெல்லாம் சட்டம் சொல்பவர் இங்கே போய் மாட்டுகிறார்.

அமெரிக்காவில் இதே சின்ன ஆபீஸ் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அங்கே ஒற்றை ஆளாகத் தொழில் செய்யும் வக்கீலுக்கும் இரண்டு வங்கிக் கணக்கு கட்டாயம். ஒன்று ஆபீஸ் கணக்கு. இன்னொன்று டிரஸ்ட் கணக்கு, அதில் கட்சிக்காரர் பணம் மட்டும். முன்பணம் முதலில் டிரஸ்டில் விழும். வேலை செய்து பில் அனுப்பிய பிறகுதான் அந்த அளவுக்கு ஆபீஸ் கணக்குக்கு மாற்றலாம். சின்னச் சின்னத் தொகைகள் சேர்ந்து கிடக்கும் டிரஸ்ட் கணக்குக்கு வட்டி வருமே, அது வக்கீலுக்கும் இல்லை, கட்சிக்காரருக்கும் இல்லை, ஏழைகளின் சட்ட உதவிக்குப் போகிறது. ஃப்ளோரிடாவில் 1981-ல் தொடங்கியது, பிறகு நாடு முழுக்கப் பரவிவிட்டது.

கார்டில் பணம் வாங்கினால் இன்னொரு சிக்கல். கட்சிக்காரர் 1,000 டாலர் முன்பணம் கார்டில் கட்டுகிறார். கார்டு கம்பெனி 3 சதவீதம் பிடித்துக்கொண்டு 970 மட்டும் தருகிறது என்று வையுங்கள். டிரஸ்ட் கணக்கில் அவருக்கு 1,000 இருக்க வேண்டும், இருப்பது 970. அந்த 30 டாலர் வேறு யாரோ ஒரு கட்சிக்காரர் பணத்திலிருந்து போனதாக ஆகிவிடும். முப்பது டாலருக்கு வக்கீல் உரிமத்துக்கே பிரச்சினை வரலாம். இதற்காகவே லாபே மாதிரி வக்கீல்களுக்கான பணம் வாங்கும் சேவைகள் வந்தன. முழு 1,000-ம் டிரஸ்டுக்குப் போகும், கட்டணம் 30 ஆபீஸ் கணக்கிலிருந்து கழியும். 2008-ல் கனடாவில் தொடங்கிய கிளியோ போன்ற மென்பொருள்களில் ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் தனிப் பேரேடு. வங்கி அறிக்கை, டிரஸ்ட் புத்தகம், எல்லாக் கட்சிக்காரர் பேரேடுகளின் கூட்டுத்தொகை, இந்த மூன்றும் ஒத்துப்போகிறதா என்று மாதாமாதம் பார்க்கலாம். நம்ம ஊர் வங்கிச் சரிகட்டும் பட்டியலில் இரண்டைத்தான் ஒப்பிடுவோம், அங்கே மூன்று.

உடனே "அந்த மென்பொருளை இங்கே கொண்டு வந்துவிட்டால் போதும்" என்று தோன்றும். தோன்றக்கூடாது. முதல் காரணம், அந்த மென்பொருளில் பாதி நமக்கு ஆகாது. அங்கே வக்கீல் மணிக்கணக்கில் பில் போடுகிறார், ஆறு ஆறு நிமிடமாக நறுக்கி. போனில் பேசினால் ஒரு டிக், ஈமெயில் படித்தால் ஒரு டிக். நம்ம ஊரில் பீஸ் வழக்குக்கு இவ்வளவு, ஆஜருக்கு இவ்வளவு. டைமர் பட்டனை வைத்துக்கொண்டு நம் குமாஸ்தா என்ன செய்வார்?

இரண்டாவது காரணம் பெரியது. டாம் ஜிரார்டி என்று கலிஃபோர்னியாவில் ஒரு நட்சத்திர வக்கீல். "எரின் ப்ரோக்கோவிச்" படம் பார்த்தவர்களுக்கு அந்த வழக்கு தெரியும், நிஜத்தில் அதை நடத்திய வக்கீல்களில் இவரும் ஒருவர். 2018-ல் இந்தோனேசியாவில் லயன் ஏர் விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். அதில் சில குடும்பங்களுக்கு இவர் ஆபீஸ் வழியாக நஷ்ட ஈடு வந்தது. குடும்பங்களுக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை. 2020 டிசம்பரில் சிகாகோ நீதிமன்றத்தில் குட்டு வெளிப்பட்டது. பிறகு தோண்டத் தோண்ட மற்ற கட்சிக்காரர்கள் பணமும். ஒருவர் பணத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கும் அதே பழைய கதை, லட்சக்கணக்கான டாலரில். 2024-ல் குற்றவாளி என்று தீர்ப்பு, 2025 ஜூனில் ஏழேகால் வருடச் சிறை. அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

தனிக் கணக்கு இல்லாமலா? இருந்தது. கம்ப்யூட்டர் இல்லாமலா? இருந்தது, கணக்குப் பிரிவே இருந்தது. நாற்பது வருடத்தில் அவர்மேல் 200-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்திருந்தன என்று கலிஃபோர்னியா பார் அமைப்பே 2022-ல் ஒப்புக்கொண்டது. இத்தனைக்குப் பிறகுதான் 2023 முதல் அங்கே ஒவ்வொரு வக்கீலும் தன் டிரஸ்ட் கணக்கு விவரத்தை வருடா வருடம் பதிவு செய்ய வேண்டும் என்று ஆனது. ஆக, பணத்தைப் பிரித்து வைக்க ஒரு கணக்கு, அதைக் காட்ட ஒரு பேரேடு, அதை வெளியிலிருந்து பார்க்க ஒரு கண். மூன்றாவது இல்லையென்றால் முதல் இரண்டும் அலங்காரம்.

நம்மிடம் மூன்றுமே இல்லை. ஆனால் நம் நீதிமன்றங்கள் ஓரிடத்தில் வேறு வழியாகப் போய்விட்டன. சாலை விபத்து இழப்பீட்டு வழக்குகளில் பணம் வக்கீல் கையைத் தொடாமல் நேராகப் பாதிக்கப்பட்டவர் வங்கிக் கணக்குக்குப் போகும்படி தீர்ப்பாயங்கள் உத்தரவிடலாம் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வக்கீல் பொய்க் கணக்கு காட்டுவாரா மாட்டாரா என்ற விவாதமே அங்கே தேவையில்லாமல் போகிறது. கோர்ட் பீஸையும் இப்போது இணையத்தில் கட்ட முடிகிறது. கட்சிக்காரரே கட்டி ரசீதை வக்கீலுக்கு அனுப்பினால், அந்த 30,000 வக்கீல் கணக்கை எட்டியே பார்க்காது.

இதெல்லாம் வக்கீலுக்கு எதிரான பேச்சு என்று நினைத்தால் தவறு. பேப்பர் இல்லாததால் அதிகம் அடி வாங்குவது நேர்மையான சின்ன வக்கீல்தான். வழக்கு ஜெயித்ததும் பாக்கி பீஸைத் தராமல் போனை எடுக்காத கட்சிக்காரர்கள் எத்தனை பேர்! அப்போது வக்கீல் என்ன செய்வார்? கட்டைத் தர மாட்டேன் என்பார். அதுவும் முடியாது என்று 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆர்.டி.சக்சேனா என்ற வக்கீல் ஒரு கூட்டுறவு வங்கியிடம் 97,100 ரூபாய் பீஸ் பாக்கி என்று சொல்லி வழக்குக் கட்டுகளைப் பிடித்து வைத்தார். பார் கவுன்சில் 18 மாதம் தொழில் செய்யத் தடை போட்டது. உச்ச நீதிமன்றம் அதைக் கண்டிப்போடு விட்டாலும், கட்டு கட்சிக்காரருடையது, பீஸ் வேண்டுமானால் வேறு வழியில் வசூலித்துக்கொள் என்று முடித்துவிட்டது. வேறு வழி என்றால் வழக்குப் போடுவது. வழக்குக்கு ஆதாரம்? முதல் நாள் எழுதிய ஒப்பந்தம், அனுப்பிய பில், கொடுத்த ரசீது. மண்டைக்குள் இருக்கும் கணக்கை எந்தக் கோர்ட்டும் மார்க் பண்ணாது என்று வக்கீலுக்குச் சொல்லித் தர வேண்டுமா?

விலை உயர்ந்த மென்பொருள் எதுவும் இதற்கு வேண்டாம். வங்கியில் இரண்டாவது கணக்கு ஒன்று. மேஜைமேல் இரண்டு க்யூஆர் அட்டை, ஒன்றில் "பீஸ்", மற்றதில் "செலவு". வழக்கு எண் போட்டு ஆளுக்கொரு எக்செல் ஷீட், அல்லது டேலி தெரிந்த யாராவது இருந்தால் ஆளுக்கொரு லெட்ஜர். வாரத்தில் ஒருநாள் செலவுக் கணக்கின் வங்கி இருப்பும் ஷீட்டுகளின் கூட்டுத்தொகையும் சரியா என்று ஒரு ஜூனியர் பார்த்தால் போதும், அரை மணி நேர வேலை. மென்பொருள் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் விற்க வருபவரிடம் ஒரே கேள்வி கேட்கலாம். ஒரு கட்சிக்காரர் பேரேட்டில் 5,000 மட்டும் இருக்கும்போது அவர் பெயரில் 6,000 செலவு எழுத முயன்றால் உங்கள் மென்பொருள் தடுக்குமா? "ரிப்போர்ட் அழகாக வரும் சார்" என்று பதில் வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

பார் கவுன்சில் செய்ய வேண்டியது இதைவிடச் சின்னது. விதி 25-ல் "தனி வங்கிக் கணக்கில்" என்று இரண்டு மூன்று வார்த்தை சேர்ப்பது. நுகர்வோர் மன்றத்தின் கதவு 2024-ல் மூடிவிட்டது. இனி பணத் தகராறுக்குக் கட்சிக்காரர் போகக்கூடிய இடம் சிவில் கோர்ட்டும், அதே பார் கவுன்சிலும்தான். எங்களை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று வாதாடி ஜெயித்தவர்கள் அதைப் பார்த்துக் காட்டுவது நியாயம்தானே?

அதுவரை கட்சிக்காரர் கையில் விதி 30 இருக்கிறது. தன் கணக்கின் நகலை அவர் கேட்டால் வக்கீல் கொடுத்தாக வேண்டும். கேட்பவர்கள் குறைவு, "சார் தப்பா நினைச்சுப்பாரோ" என்ற கூச்சம். நகல் எடுக்கும் செலவு மட்டும் கேட்பவருடையது என்று அந்த விதியிலேயே இருக்கிறது. சாதாரண வழக்குக்கு இரண்டு பக்க ஜெராக்ஸ் ஆகும்.